மாமனார் பேர்

பேர் வைப்பது சந்தோஷமான காரியம் என்று யார் சொன்னது? புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த மாடி வீட்டில், பேர் வைக்கிற நாள் நெருங்க நெருங்க ரேணுகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

குழந்தை தூங்கினால் அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு பட்டதும் விரலை எடுப்பாள். எடுத்த பிறகு, பட்டது மூச்சா, ஃபேன் காற்றா என்று சந்தேகம் வரும். ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி வைப்பாள். ஃபேன் நின்றதும் குழந்தைக்கு வேர்க்கும், விழித்துக்கொண்டு வீறிடும். வீறிட்டால் அவளுக்கு நிம்மதி. பிள்ளை தூங்கினால் கலங்கி, அழுதால் தெளிகிற தாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் அவள் ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளாகத்தான் இருப்பாள்.

நாலு மாதம் ஆகியும் குழந்தைக்குப் பேர் இல்லை. பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். மூத்தவன் போன வயதை இவன் தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எல்லோரும் வாய் திறக்காமலே ஒப்புக்கொண்டிருந்தார்கள். போன வாரம் தாண்டிவிட்டான். உடனே நாத்தனார் சுஜாதா நாள் குறித்துவிட்டாள். அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே, மாமனார் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை.

பேர் ஒன்றும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தில் தலைச்சன் ஆண்பிள்ளைக்குப் பாட்டன் பேர். ரேணுகாவின் புருஷன் கார்த்தி கூட சான்றிதழில் சடையப்பன்தான். அவன் அம்மா தன் மாமனார் பேரை வாயால் சொல்ல முடியாமல் கார்த்தி என்று கூப்பிட்டாள், அதுவே நிலைத்துவிட்டது. கார்த்தியின் அப்பா பேர் திருநாவுக்கரசு. ஆகவே மூத்தவனுக்குத் திருநாவுக்கரசு. ரேணுகா கூப்பிடுவதற்கு, அதன் வாலை மட்டும் வெட்டி எடுத்து, அரசு.

ரேணுகா பி.காம். படித்தவள். மகாபலிபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் கணக்கு பார்த்தவள். வாயில் நுழையாத வெள்ளைக்காரன் பேரையெல்லாம் தடுக்காமல் சொல்லுவாள். அவளுக்குப் போய் மாமனார் பேரைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஃபாரத்தில் எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். ஆனால் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக மாமனார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, "டேய் திருநாவுக்கரசு, இங்க வாடா" என்று ஒரு தரம் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாருங்கள். அந்த வட்டாரத்து மருமகள்கள் யாருக்கும் நாக்கு எழாது.

மூத்தவனுக்குப் பேர் வைத்த அன்று நடந்தது இதுதான். அத்தை என்ற முறையில் சுஜாதா குழந்தையின் காதில் மூன்று தரம் முழுப்பேரைச் சொன்னாள். அடுத்தது தாய் சொல்ல வேண்டும். ரேணுகா குனிந்தாள். எதிரே சால்வை போர்த்திக்கொண்டு மாமனார் நின்றிருந்தார். அவள் வாயைத் திறந்து, மூடி, கடைசியில் "அரசு, அரசு, அரசு" என்று சொல்லி நிமிர்ந்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமனாரிடம் மருமகளுக்கு எவ்வளவு மரியாதை என்று மெச்சிக்கொண்டே சாப்பிடப் போனார்கள்.

அப்புறம் ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டு போகும்போது, திருக்கழுக்குன்றத்துக்கு முன்னாலேயே வலிப்பு வந்துவிட்டது. ரேணுகா வழி முழுக்க, "அரசு, டேய் அரசு, அம்மாவப் பாருடா" என்று கத்திக்கொண்டே போனாள். அவன் பார்க்கவில்லை.

சாவு வீட்டில் ஆளுக்கொன்று பேசுவார்கள். பேசிவிட்டு எழுந்து போய்விடுவார்கள், கேட்டவள்தான் அதைச் சுமக்க வேண்டும். மாமனாரின் தம்பி பெண்சாதி, வேண்டா என்று பேர், நல்லவள்தான். ஆனால் அவள் வாய்க்குக் கதவு கிடையாது. கூடத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியபடியே சொன்னாள். "வலிப்பு வந்தா தாய்க்காரி பேரச் சொல்லி இஸ்துப் புடிக்கணும். அப்பதான் உசுரு நிக்கும். இவ இன்னா பேரச் சொல்லியிருப்பா? மாமனார் பேராச்சே, பாவம்."

அவ்வளவுதான். ரேணுகாவின் நெஞ்சில் அது முள்ளாகத் தைத்துக்கொண்டது. பெற்ற பிள்ளையை ஒரு தரம் கூட அவன் பேரைச் சொல்லி நான் கூப்பிடவில்லை. யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துத்தான் அவன் திரும்பாமல் போனானா? இது அசட்டுத்தனம் என்று பகலில் தெரியும். காய்ச்சலைப் பற்றி டாக்டர் விளக்கிச் சொன்னதும் ஞாபகம் இருக்கும். தெரிந்து என்ன? கண்ணை மூடினால் ஆட்டோவும் அந்த அரைப்பேரும்தான்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மூத்தவனை அடக்கத்துக்குக் கொண்டு போவதற்கு முன், சுஜாதா அவனுடைய இடது உள்ளங்காலில் சட்டிக் கரியைத் தொட்டு ஒரு பொட்டு வைத்துவிட்டாள். போகிற பிஞ்சுக்கு அடையாளம் வைத்து அனுப்பினால், அதே வீட்டுக்குத் திரும்பி வரும்போது கண்டுபிடித்துவிடலாம் என்று அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். இரண்டாவது பையன் பிறந்தான். குளிப்பாட்டும்போது பார்த்தால் இடது உள்ளங்காலில் கடுகளவு மச்சம். சுஜாதா அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை கொஞ்சமில்லை.

"வந்துகீறது அவன்தான்டி," என்றாள். "அடையாளத்தப் பாரு. வேற பேரு வச்சன்னு வையி, இது நம்ம வூடு இல்ல போலகீதுன்னு வந்த வழியே பூடுவான்."

அன்றிலிருந்து ரேணுகா அந்தக் காலைக் கழுவும்போதெல்லாம் மச்சத்தின் மேல் மட்டும் சோப்பு படாமல் பார்த்துக்கொண்டாள். வேறு பேர் வைக்க முடியாது. இருப்பது ஒரு பேரும் அதன் வாலும்தான். அரசு என்று வைத்தால், போன தடவை கூப்பிட்ட அதே அரைப்பேர். இவள் இன்னும் திருந்தவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டால்? திருநாவுக்கரசு என்று வைத்தால், அதை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? நாளைக்கு மறுபடி ஒரு காய்ச்சல் வந்து, மறுபடி ஒரு ஆட்டோவில், மறுபடி அவள் வாய் அடைத்துக்கொண்டால்? எந்தப் பக்கம் போனாலும் பிள்ளை கையை விட்டு நழுவுகிற மாதிரியே இருந்தது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அது இன்னும் பயங்கரம்.

கார்த்திக்குச் சின்னப் பேர்தான் இஷ்டம். "திருநாவுக்கரசுன்னு வச்சா பாஸ்போர்ட்டுல கட்டம் பத்தாது," என்பான். "நான் சடையப்பன்னு பட்டது போதும். அரசுன்னே வச்சிடலாம், வூட்லயும் அதான், ஸ்கூல்லயும் அதான்." அக்காவோ முழுப்பேரில் ஒரு எழுத்தைக் கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். நடுவில் மாட்டிக்கொண்ட கார்த்தி, ஆண்பிள்ளைகள் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தான். "நீதான் பெத்தவ. நீ எதச் சொல்றியோ அதான். அக்கா காதுல சொல்றதுக்கு முந்தி சொல்லிடு," என்று சொல்லிவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் திறக்கப் போய்விட்டான்.

சனிக்கிழமையே சுஜாதாவும் மாமனாரும் அழைத்துப் போக வந்துவிட்டார்கள். ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டு வந்திருந்தார் பெரியவர். பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்தான், உள்ளே வரவில்லை. இந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து அவர் அதைத் தூக்கியதே இல்லை. மூத்தவனை இறக்கிவிடாமல் தூக்கி வைத்திருந்த மனுஷன். ரேணுகா டீ கொண்டு போய் வைத்தாள்.

"மாமா, பேரு..." என்று ஆரம்பித்தாள்.

"எதுனா வையுங்கம்மா. எம்பேரு வோணாம்னாலும் சரிதான்," என்றார் அவர், முகத்தைத் திருப்பாமல்.

கோபமா, வருத்தமா என்று அவளுக்குப் புரியவில்லை. தன் பேரைக் கொண்டு போனவனைக் காப்பாற்றாத மருமகள் என்று நினைக்கிறாரோ என்று குழம்பியபடி உள்ளே திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோவளத்து நண்பன் ஏசுதாஸிடம் கார்த்தி இரவல் வாங்கிய கார் வாசலில் நின்றது. மாமனார் முன்னால், பெண்கள் இருவரும் குழந்தையோடு பின்னால்.

"திருக்கழுக்குன்றம் வழி வேணாங்க," என்றாள் ரேணுகா. "கூவத்தூர் போயி பவுஞ்சூர் வழியா போலாம்."

கார்த்தி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். வண்டியைத் தெற்கே திருப்பினான்.

பவுஞ்சூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல்தான். குழந்தை பசிக்கு அழுதது. ரேணுகா முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். சுஜாதாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"இன்னாடி முடிவு பண்ண? அங்க போயி முழிச்சிகினு நிக்காத. வேண்டா சித்தி மொதக்கொண்டு எல்லாரும் வந்து குந்திகினு கீறாங்க."

"சொல்றேன் அண்ணி."

"இன்னாத்த சொல்றேன்? முழுப்பேரா, வெறும் அரசா? உன் வாயால சொல்லு."

ரேணுகா முன்னால் பார்த்தாள். முன்சீட்டில் பெரியவரின் நரைத்த பிடரி அசையாமல் இருந்தது. ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். அதே நேரத்தில் வேகத்தடை ஒன்று கார்த்தியின் கண்ணில் படாமல் போனது. வண்டி ஏறிக் குதித்து இறங்கியது.

குழந்தை ஒரு தரம் இருமியது. அப்புறம் இருமவில்லை.

பால் புரை ஏறுவது எல்லாக் குழந்தைக்கும் நடக்கிறதுதான். உச்சந்தலையில் ஊதினால் சரியாகிவிடும் என்று சுஜாதா ஊதினாள். ஆகவில்லை. குழந்தையின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முகம் சிவந்து, அப்புறம் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆயிற்று. இறுக்கிப் பிடித்திருந்த குட்டி விரல்கள் ரேணுகாவின் முந்தானையை விட்டன.

"நிறுத்துடா! கார்த்தி, வண்டிய நிறுத்துடா! கொயந்தைக்கு மூச்சு வரல!" என்று அலறினாள் சுஜாதா.

நிறுத்துவதா, இன்னும் விரட்டுவதா என்று கார்த்திக்குத் தெரியவில்லை. மதுராந்தகம் இன்னும் தூரம். பயந்து பயந்து ரேணுகா தேர்ந்தெடுத்த வழி, அக்கம்பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி போர்டு கூடக் கண்ணில் படாத வழி. அவன் வண்டியை ஓரம் கட்டினான். கதவைத் திறக்க அவன் கை மூன்று இடத்தில் தடவியது.

அந்த நேரம் பார்த்து மாமனார் முன்கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். இறங்கி, பின்னால் வரவில்லை. குழந்தையை ஒரு பார்வை பார்க்கவில்லை. வந்த வழியே ரோட்டில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டே போனார். இந்த நேரத்திலா! பார்க்கச் சகிக்காமல் ஓடுகிறாரா, இல்லை, போகட்டும் என்றே விட்டுவிட்டாரா? ரேணுகா அதை ஒரு கணம்தான் பார்த்தாள்.

அவள் கைகள் வேலையில் இருந்தன. மூத்தவன் போன பிறகு, தடுப்பூசி முகாமில் ஒரு நர்ஸம்மாவிடம் இவள் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட வித்தை அது. குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்ட வேண்டும். வீட்டில் தலையணையை வைத்துத் தினம் பழகுவாள். "தலகாணிக்கு இன்னா பேரு வச்சிகீற?" என்று கார்த்தி ஒருநாள் கேலி கூடச் செய்தான். அன்று அவள் அவனோடு பேசவே இல்லை.

தலையணை இப்படித் துவண்டு தொங்கியதில்லை. அவள் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள்.

"அர..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அந்த ஆட்டோ கண் முன்னால் வந்து நின்றது. இந்தப் பேருக்கு அவன் திரும்ப மாட்டான். உடம்பில் இருந்த மொத்தத் தெம்பும் தொண்டைக்கு வந்தது.

"டேய் திருநாவுக்கரசு!" என்று கத்தினாள். "டேய்! திருநாவுக்கரசு! வாடா! அம்மா கூப்புடறேன்டா! டேய் திருநாவுக்கரசு, எங்கடா போற, வாடா!"

வயலில் மேய்ந்த கொக்குகள் எழும்பின. ரோட்டில் பைக்கில் போன ஒருவன் நின்றுவிட்டான். அவள் கூப்பிட்டுக்கொண்டே தட்டினாள், தட்டிக்கொண்டே கூப்பிட்டாள். மூத்தவனுக்குப் பேர் வைத்த நாளிலிருந்து தொண்டையில் கிடந்த பேர் அது. மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

குழந்தையின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் கொளுக்கென்று பால் வந்து அவள் புடவையில் விழுந்தது. ஒரு விக்கல். அப்புறம் ஒரு சின்ன முனகல். அப்புறம் காரே அதிர்கிற மாதிரி ஒரு கத்தல்.

சுஜாதா காரை விட்டு இறங்கி அப்படியே ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கார்த்தி காரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு தோள் குலுங்க நின்றான். ரேணுகா அழவில்லை. குழந்தையின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதா போய் வெளுத்து, வெளுப்பு போய்ச் சிவக்கிற வரைக்கும் இமைக்காமல் பார்த்தாள்.

மாமனார் தூரத்தில் ஒரு புளியமரத்தடியில், இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். துண்டு காதுகளை மூடியிருந்தது. அதற்கு மேல் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார். கார்த்தி ஓடிப் போய்த் தொட்ட பிறகுதான் திரும்பினார்.

"அழுவுறான் நைனா," என்றான் கார்த்தி. "நல்லா கத்தி அழுவுறான்."

மதுராந்தகத்தில் ஒரு குழந்தைகள் டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டு, முதுகில் வைத்துக் கேட்டு, நுரையீரலில் ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும் என்றார் அந்த அம்மா. ஓடுகிற வண்டியில் பால் கொடுக்கலாமா என்று ஒரு பாட்டம் திட்டினார். இந்தக் கையால்தான் பிழைத்தான் என்று ரேணுகாவின் கையைத் தட்டியும் கொடுத்தார். கார்த்தி மருந்து வாங்கப் போனான். சுஜாதா ஊருக்குப் போன் பேச வெளியே போனாள்.

பெஞ்சில் குழந்தையோடு ரேணுகா. அந்தக் கோடியில் மாமனார், நடுவில் இரண்டு ஆள் உட்காருகிற இடத்தை விட்டு. இப்போதுதான் அவளுக்கு வேறொரு பயம் பிடித்தது. நடுரோட்டில், ஊர் பேர் தெரியாதவன் முன்னால், மாமனாரை வாடா போடா என்று கூப்பிட்டாயிற்று.

"மாமா," என்றாள். "அவசரத்துல... மரியாத இல்லாம... மனசுல வச்சிக்காதீங்க."

பெரியவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மூத்தவனுக்குப் பேரு வச்சன்னிக்கி நான் உன் எதுக்கதான் நின்னுகினு இருந்தேன்," என்றார். "நீ வாயத் தொறந்த. என்னப் பாத்த. மூடிகின. நான் பாத்துகினுதான் இருந்தேன். அப்பவே நான் வெளிய போயிருக்கணும்மா. சால்வ போட்டாங்களே, அந்தப் பெரும. நின்னுட்டேன்."

ரேணுகா அவர் பக்கம் திரும்பினாள்.

"வேண்டா சாவு வூட்ல சொன்னது உன் காதுல மட்டுமா வுழுந்திச்சி?" என்றார். "எனுக்கும்தான் கேட்டுச்சி. பெத்தவ வாய அடச்சி வச்சவன் நான்தானேன்னு அன்னிலருந்து நெனச்சிகினு கீறேன். அதான் இன்னிக்கி எறங்கி ஓடனேன். நான் பக்கத்துல கீறவரைக்கும் உனுக்குப் பேச்சு வராதுன்னு தெரியும். காதப் பொத்திகினாலாவது கூப்புடுவியான்னு பாத்தேன்."

"அதுக்கா போனீங்க?"

"வேற எதுக்குப் போவேன்?"

"பாப்பாவ நீங்க தூக்கவே இல்லியே மாமா."

"பயம்மா," என்றார் அவர். சொல்லும்போது உதடு கோணியது. "எம்பேரக் கொண்டுகினு ஒருத்தன் பூட்டான். நான் குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறேன். இவனயும் தொட்டு இன்னா ஆவுமோன்னு பயம்."

இத்தனை நாளும் ஒரே பயத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில், டீ கொடுத்துக்கொண்டும் வாங்கிக்கொண்டும். ரேணுகாவுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. அவள் எழுந்து போய்க் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கியே வைத்திருந்தார். குழந்தை அவர் துண்டின் நுனியைப் பிடித்து வாய்க்குள் திணிக்கப் பார்த்தது.

"காதப் பொத்தியும் கேட்டுதும்மா," என்றார் அவர். "எம்பேர இவ்ளோ சத்தமா எங்கப்பன் கூடக் கூப்ட்டதில்ல."

ஊர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பந்தலில் காத்திருந்தவர்கள் ஆளாளுக்குக் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார்கள். வேண்டா திருஷ்டி கழித்துக் கற்பூரத்தை வாசலில் போட்டாள். ரோட்டில் நடந்தது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மருமகள் மாமனாரை வாடா என்று கூப்பிட்டாளாம் என்பதும் சேர்த்துத்தான்.

கூடத்தில் முறம் நிறைய நெல்லைப் பரப்பி, மேலே வெள்ளைத் துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். சுஜாதா குனிவதற்கு முன் ரேணுகாவைப் பார்த்தாள். காலையில் அதட்டிய குரல் இல்லை இப்போது.

"இன்னா பேருடி?"

"திருநாவுக்கரசு," என்றாள் ரேணுகா.

கூடத்தில் ஒரு சலசலப்பு. கார்த்தி மெதுவாக, "கூப்புடறதுக்கு அரசுன்னு வச்சிக்கலாம் இல்ல?" என்றான்.

"இல்லிங்க. வைக்கிறதும் அதான், கூப்புடறதும் அதான். எனக்கு ஒரே பேர் போதும்."

சுஜாதா வெற்றிலையால் மறைத்துக் காதில் மூன்று தரம் சொன்னாள். அடுத்தது தாய். பெரியவர் அதற்குள் துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் பக்கம் நகர்ந்தார்.

"மாமா, போகாதீங்க," என்றாள் ரேணுகா. "இங்கயே இருங்க."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பயம் போய்விட்டது என்றெல்லாம் நினைக்க வேண்டாம். முறத்துக்கு முன்னால் மண்டியிட்டபோது அவள் முதலில் செய்தது, குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்ததுதான். இந்தப் பழக்கம் அவன் நடந்து, ஓடி, பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இருக்கும். மூச்சு விரலில் இளஞ்சூடாகப் பட்டது. அவள் நிமிர்ந்தாள். குழந்தையைப் பார்க்கவில்லை. திறந்திருந்த வாசலைப் பார்த்து, தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"திருநாவுக்கரசு!"

வாசலில் யாரும் இல்லை. எரிந்து முடிந்த கற்பூரத்தின் கரி மட்டும் இருந்தது.

"இன்னாடி நீ," என்றாள் சுஜாதா. "கொயந்த காதுல சொல்லச் சொன்னா வாசலப் பாத்துக் கூப்ட்டுகினு கீற?"

"அது மூத்தவனுக்கு அண்ணி."

"அவன்தானடி இவன்?"

"இல்ல அண்ணி," என்றாள் ரேணுகா. "அவன் வேற. அவன நான் பேரச் சொல்லி ஒருவாட்டி கூடக் கூப்புடல. இது அவனுக்கு. மிச்சம் ரெண்டும் இவனுக்கு."

வேண்டா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ரேணுகா குனிந்து, குழந்தையின் காதருகே வாயை வைத்து, இரண்டாவது தரம் கூப்பிட்டாள்.